பாங்காக் போனால் கால்வாய்ப் படகில் ஏறுங்கள்

பாங்காக் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது, டாக்சியை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள் என்பதுதான். மாலையில் சுகும்வித் சாலையில் மாட்டிக்கொண்டால் வண்டி நகரவே நகராது, மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மேலே ஓடும் பிடிஎஸ் ரயில் அருமையான வசதி, ஆனால் அரண்மனையும் பழைய கோயில்களும் இருக்கிற பகுதிக்கு அது போகாது. 2019-இல் சுரங்க ரயில் அந்தப் பகுதியில் உள்ள சாம் யோட் வரை வந்துவிட்டது, சரி, அவசரக்காரர்கள் அதிலேயே போகலாம். ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு நான் சான் சேப் கால்வாய்ப் படகைத்தான் சொல்வேன்.

சாவ் பிரயா ஆற்றில் ஓடும் படகுகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இந்தக் கால்வாய் வேறு மாதிரி. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837-இல், கம்போடியப் பக்கம் நடந்த போருக்குப் படைகளையும் தளவாடங்களையும் கொண்டுபோக வெட்டத் தொடங்கியது. இன்று அதில் அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை.

அசோக் துறையில் ஏறினேன். படகு கரையில் நிற்கிறது என்றே சொல்ல முடியாது, உரசியபடி சில நொடி தயங்கும், அதற்குள் ஏறிவிட வேண்டும். படகின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படுதா, அதில் கயிறு கட்டியிருக்கிறது. எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்துப் படுதாவை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரிசைக்கே குளியல்தான். என் பக்கத்தில் இருந்த அம்மா செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்தார், படகு தாண்டியதும் விட்டார், மறுபடி இழுத்தார். நடத்துநர் பெண் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, படகின் வெளி விளிம்பில், ஒரு சாண் அகலக் கட்டையில் நடந்து வந்து டிக்கெட் கொடுத்தார். தாழ்வான பாலம் வரும்போது படகின் கூரையே கொஞ்சம் கீழே இறங்குகிறது, அவரும் குனிகிறார், கை மட்டும் சில்லறை எண்ணிக்கொண்டே இருக்கிறது. பாலம் போனதும் பழையபடி நிமிர்ந்து அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். இவ்வளவு வேலைக்கும் கட்டணம் சில்லறைக் காசுதான்.

பிரதுநாமில் எல்லாரும் இறங்கி வேறு படகு மாற வேண்டும், கூட்டத்தோடு போனாலே போதும். அப்புறம் வீடுகளின் பின்புறங்கள், காயும் துணிகள், பூந்தொட்டிகள், போபே துணிச்சந்தை என்று கடந்து, பான்ஃபா துறையோடு படகுப் பயணம் முடிகிறது.

துறைக்குப் பக்கத்திலேயே தங்க மலை. அது இயற்கை மலை இல்லை. மூன்றாம் ராமா காலத்தில் கட்ட ஆரம்பித்த பெரிய ஸ்தூபி, பாங்காக்கின் சேற்று மண் தாங்காமல் சரிந்துபோக, அந்தக் குவியல் மேல்தான் பின்னால் வந்தவர்கள் இப்போதிருக்கும் ஸ்தூபியை எழுப்பினார்கள். 344 படி. வழியெங்கும் மணிகள் தொங்குகின்றன, படிகள் சுலபம்தான், காலையிலேயே ஏறிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் வாட்டிவிடும்.

இறங்கி பம்ருங் முவாங் சாலையில் நடந்தால் இரண்டு பக்கமும் புத்தர் சிலைக் கடைகள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொன்னிறச் சிலைகள் நடைபாதையிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, சிலவற்றைக் கண்ணாடித் தாளில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் போனால் வாட் சுதத் கோயிலின் முன்னால் சிவப்பு நிறத்தில் ஓங்கி நிற்கிறது ராட்சத ஊஞ்சல்.

நம்மவர்கள் இங்கே நிதானமாக நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1784-இல் முதலாம் ராமா எழுப்பியது. இப்போது இருக்கும் மரத்தூண்கள் பிரே மாகாணத்துத் தேக்கு, 2006-இல் மாற்றியவை. சிவபெருமான் பூமிக்கு வருவதாகக் கொண்டாடும் விழாவில் ஆட்கள் இதில் ஆடி, உயரத்தில் கட்டிய பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். விபத்துகளில் உயிர்கள் போனதால் 1935-ஓடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் விழா நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவசதான் என்ற சின்ன வெள்ளைக் கோயில், அரசவைப் பிராமணர்களுடையது. அங்கே இன்றும் அந்த விழா நடக்கிறது, அதன் பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் இருக்கின்றன, நம் பதிகங்களிலிருந்து போன வரிகளைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக ஓதி வருகிறார்கள். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகாத தமிழர் இல்லை, இங்கே வருகிறவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விழா டிசம்பர், ஜனவரி ஒட்டி வரும், சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். அந்தச் சமயம் போகிறவர்கள் விடுதியில் சொல்லி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை போட்டுக்கொண்டு போங்கள். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நோட்டை நீட்டினால் அந்த விளிம்பில் நின்று மீதி கொடுப்பவருக்குத்தான் சிரமம்.