சல்லிவேர் கிழங்காகும்போது புரதம் என்ன ஆகிறது

மரவள்ளியில் நாம் உண்பது வேர்தான், உருளைக்கிழங்கைப் போலத் தண்டு அல்ல. அதனால் அதில் முளைக்கண் கிடையாது. நடுவதற்குத் தண்டிலிருந்து வெட்டிய கரணைதான் வேண்டும்: 15–20 செ.மீ. நீளம், எட்டுப் பத்துக் கணுக்கள். நட்ட ஒரு வாரத்தில் கணுவிலிருந்தும் வெட்டுமுனையிலிருந்தும் சல்லிவேர் கிளம்பும். அத்தனை வேரில் பருப்பது சிலதான். மீதி கடைசிவரை நீரும் சத்தும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எது பருக்கப்போகிறது என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. வேரை மெல்லிய வில்லையாக நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். சல்லிவேரின் நடுப்பகுதியில் நீலம் அரிதாகவே தெரியும். பருக்கத் தொடங்கிய வேரில் கருநீலப் புள்ளிகள் வட்டமாக விரியும். அருகிலுள்ள இன்னொரு வில்லையில் புளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டால் லிக்னின் (செல்சுவரைக் கட்டையாக்கும் பொருள்) ஏறிய செல்கள் மட்டும் சிவக்கும். பருக்கும் வேரில் சிவப்பு சொற்பம், நீலம் பரவல். வேரைப் பருக்கவைக்கும் வளர்படையான கேம்பியம் உள்நோக்கி உருவாக்கும் சைலம் (நீர் கடத்தும் திசு) செல்கள் கட்டையாகாமல் மெத்தென்றே நின்று மாவுச்சத்தை வாங்கிக்கொள்கின்றன.

புரதத்திலும் இதே கதைதான். லிக்னின் செய்யும் நொதிகள் குறைகின்றன. சுக்ரோஸ் சிந்தேஸ், ஏஜிபி பைரோபாஸ்பாரிலேஸ் போன்ற, சர்க்கரையை மாவாக்கும் நொதிகள் ஏறுகின்றன. மாவு மிகுந்து சேரச் சேர, மொத்தப் புரதத்தின் விகிதம் மட்டும் குறைந்தபடி இருக்கும். பச்சைக் கிழங்கில் அது 1–2 சதவீதம்தான்.

இதை அளப்பதில் பெரிய தவறு ஒன்று உண்டு, காயம். வேரை வெட்டிய சில மணி நேரத்திலேயே பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் ஏறத் தொடங்கிவிடும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலக்கோடு விட்டுக் கெடுவதும் இதே வினையால்தான். பைக்குள் போட்டு ஆய்வகம் கொண்டுபோனால் அங்கே அளப்பது வளர்ச்சியை அல்ல, காயத்தை. மண்ணைக் கழுவி, தோலை நீக்கி, ஒவ்வொரு வேரிலும் அடியிலிருந்து ஒரே தூரத்தில் துண்டு எடுத்து, சில நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். நட்ட 30, 60, 90ஆம் நாளில் எடுப்பதானால் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து அளவைக் கெடுப்பவை, வேரிலுள்ள மாவும் பீனால்களும். பொடித்ததை, 10% டிரைகுளோரோ அசிட்டிக் அமிலமும் சிறிது மெர்காப்டோ எத்தனாலும் கலந்த குளிர்ந்த அசிட்டோனில் –20 டிகிரியில் ஓர் இரவு வைத்துக் கழுவி, பிறகு பீனாலில் புரதத்தைப் பிரியுங்கள். இதைத் தவிர்த்தால் புரதங்களை ஓடவிட்டுப் பிரித்துப் பார்க்கும் ஜெல் பழுப்பாகி மங்கும்.

நைட்ரஜனை அளக்கும் ஜெல்டால் முறையில் கிடைத்ததை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மமான லினமரினில் உள்ள நைட்ரஜனும் அதில் புரதமாகச் சேர்ந்துகொள்ளும்.