குரோமியம் டப்பாவும் மெட்ஃபார்மின் அட்டையும்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு, ஊரின் சுகர் நிலவரம் மாதத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பென்ஷன் வந்த கையோடு சுகர் மாத்திரைகளான மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் அட்டை அட்டையாகப் போகும். கொஞ்ச காலமாகச் சீட்டில் இல்லாத ஒன்றையும் கேட்கிறார்கள். "தம்பி, குரோமியம் இருக்கா?" சுகரைக் குறைக்கும் என்று சொல்லி டப்பாவில் விற்கிற தாதுச் சத்து மாத்திரை அது.

டாக்டர் எழுதியதில்லை. போனில் பார்த்ததாக இருக்கும், இல்லையென்றால் துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய டப்பா தீர்ந்துபோயிருக்கும்.

அப்படித்தான் ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர் டப்பாவோடு வந்தார். "இதுல 200 போட்டிருக்கு, நீ தர்றதுல 500 போட்டிருக்கு. ஒரு வேளை மாத்திரையை விட்டுட்டு இதைப் போட்டா சரியா வரும்லா?" லேபிளைத் திருப்பிக் காட்டினேன். குரோமியம் 200 மைக்ரோகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். எடையில் 2,500 மடங்கு வித்தியாசம். எடை குறைவு என்பதற்காக வீரியமும் குறைவு என்று அர்த்தமில்லை, தைராய்டு மாத்திரைகூட மைக்ரோகிராம் கணக்குதான். ஆனால் இந்த இரண்டையும் வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. வாத்தியாருக்குக் கணக்கு உடனே புரிந்தது. "அப்போ இது சும்மாவா?"

சும்மா என்றும் சொல்லிவிட முடியாது. 1977-இல் கனடாவில், நீண்ட காலம் நரம்பு வழியாகவே உணவு ஏற்றப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை ஏறியது. குரோமியம் சேர்த்துக் கொடுத்ததும் இன்சுலினே தேவையில்லாமல் போனது. 1997-இல் சீனாவில் 180 பேரிடம் நடந்த ஆய்வில் நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு, நன்றாகவே இறங்கியது. டப்பா விற்கிறவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். பிறகு நெதர்லாந்தில் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, குரோமியம் உடம்புக்கு அவசியம் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று 2014-இல் சொல்லிவிட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் சர்க்கரைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

கடையில் நான் பார்ப்பது வேறு கூத்து. டப்பா வாங்குகிறவர் அதே வாரம்தான் வ.உ.சி. மைதானத்தில் நடக்கத் தொடங்குவார், சாயங்கால அல்வாவையும் விடுவார். சுகர் இறங்கினால் பேர் குரோமியத்துக்கு. ஏறினால் பழி நாங்கள் கொடுத்த மாத்திரைக்கு! இதனால்தான் நல்ல ஆய்வுகளில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள்.

வாத்தியாருக்கு உள்ளே இருந்த பயம் அப்புறம்தான் வெளியே வந்தது. "மெட்ஃபார்மின் தின்னா கிட்னி போயிரும்ங்காவ." இதைச் சொல்லாத ஆளே இந்தப் பக்கம் கிடையாது. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், ரொம்பத் தளர்ந்துவிட்டால் நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் மாத்திரை மேலேயே பழியைப் போட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், டப்பாக்களில் பெரும்பாலும் வரும் குரோமியம் வகையான குரோமியம் பிகோலினேட்டை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுக் கிட்னி பாதித்தவர்கள் பற்றித்தான் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் சிலர்தான், ஆனாலும் கிட்னிக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிட்டு இந்த டப்பாவிடம் போவதை என்னவென்று சொல்ல? இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கிறவருக்கு இது சேர்ந்தால் சுகர் தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அந்தத் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

விலையும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. மெட்ஃபார்மின் மலிவு. அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது, 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பலருக்கு வீட்டுக்கே வருகிறது. சும்மா வருகிற மருந்து மேல் ஒரு இளக்காரம். நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கிய டப்பா என்றால் வேளை தவறாது. இத்தனைக்கும் கடைக்கு லாபம் டப்பாவில்தான்!

வாத்தியார் மெட்ஃபார்மின் மூன்று அட்டை வாங்கிக்கொண்டார், டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த முறை போகும்போது அதை டாக்டரிடம் காட்டுங்கள், கிட்னி நிலவரம் தெரிய கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள் என்றேன். ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுவார். டப்பாவைக் காட்டுவாரா என்பது சந்தேகம்தான், டாக்டர் ஏசுவாரே.