வாடா கோவர்த்தனத்துக்கு வெறுங்கையோடு போங்கள்

பசுவுக்கு ஒரு வேளைத் தீனி போடுவதாக வேண்டிக்கொள்ளாத குடும்பம் நம்மில் குறைவு. குழந்தைக்குப் பேச்சு வரவேண்டும், வழக்கு முடியவேண்டும், பெண்ணுக்கு வரன் அமையவேண்டும் என்று எதற்காவது ஒன்றுக்கு வாய் சொல்லியிருக்கும். மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று மும்பையைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்கள் அந்தக் கடனைத் தீர்க்க நல்ல இடம் வாடா பக்கத்தில் இருக்கிறது. பால்கர் மாவட்டத்தில், சஹ்யாத்ரி அடிவாரத்துக் கல்தரே கிராமத்தில், கோயிலும் கோசாலையும் தங்கும் அறைகளுமாக உள்ள கோவர்த்தன் இக்கோ வில்லேஜ். இஸ்கான் துறவி ராதாநாத் சுவாமியின் வழிகாட்டுதலில், சௌபாத்தி ராதா கோபிநாத் கோயிலைச் சேர்ந்த இஸ்கான் அடியார்கள் 2003-ல் தொடங்கியது. 2017-ல் ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு விருது கொடுத்தபிறகு வெளிநாட்டார் வரத்தும் கூடிவிட்டது.

மும்பையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். தானே, பிவண்டி வழியாக வாடா சாலையைப் பிடிக்கலாம். அகமதாபாத் நெடுஞ்சாலையில் மனோர் வரை போய்த் திரும்பவும் செய்யலாம். இரண்டரை மணி நேரம் என்பது கணக்கு. பிவண்டிக் கிடங்கு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நாலு மணி, மழைக்காலத்துக் குழிகளுக்கு அதற்கு மேலும் ஒன்று. வாடாவுக்கு ரயில் கிடையாது. வண்டி இல்லாதவர்கள் வழியில் ரயிலை விட்டு பஸ் பிடிக்க ஸ்டேஷன் வாசலில் இறங்கியதுமே "கடைசி பஸ் போயாச்சு" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். நம்பவேண்டாம், பஸ் நிலைய விசாரணை ஜன்னலில் கேளுங்கள். வாடகை வண்டிதான் என்றால் திரும்பும் வாடகையையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். தங்குவதாக இருந்தால் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

இனி, என்ன எடுத்துப் போவது என்ற கேள்வி. ஒன்றும் வேண்டாம். முக்கியமாகச் சர்க்கரைப் பொங்கல் வேண்டவே வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் பக்தியால் சாகிற மாடுகள் உண்டு. பசுவின் வயிறு புல்லுக்கென்று படைக்கப்பட்டது. நாலு அறைகளில் பெரிய அறையில் புல்லும் வைக்கோலும் ஊறி, நுண்ணுயிர்கள் மெதுவாக நொதிக்கவைத்து, திரும்ப வாய்க்கு வந்து அசைபோடப்படவேண்டும். அந்த அறைக்குள் ஒரு வாளி சோறோ பொங்கலோ போனால் மாவுச்சத்து மடமடவென்று புளித்து அமிலமாகிவிடும். முதலில் அசைபோடுவது நிற்கும். பிறகு வயிறு உப்பும், தண்ணீர் போலக் கழியும், மாடு படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போகும். நம் ஊரில் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்கள் ஓடுவது இதனால்தான். வீட்டுக்கு ஒரு கவளம் என்று இருபது வீடு கொடுத்தால் மாட்டுக்கு அது இருபது கவளம்.

400 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், 4, 5 கிலோ வைக்கோல், 50 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், இதுதான் சாப்பாடு. வேண்டுதல்காரர்கள் செய்யவேண்டியது, ஒரு நாள் தீவனச் செலவைக் கட்டிவிட்டு, கோசாலைச் சேவகர் எடுத்துக் கொடுக்கும் புல்லை, அவர் காட்டும் மாட்டுக்கு மட்டும் நீட்டுவது. வெல்லம் கொடுத்தே தீரவேண்டும் என்றால் எலுமிச்சை அளவு, அதுவும் கேட்டுவிட்டு. வாழைப்பழத்தைப் பிளாஸ்டிக் பையோடு நீட்டுகிறவர்களை என்ன சொல்வது? விழுங்கிய பை அந்தப் பெரிய அறையிலேயே தங்கிவிடும், செரிக்கவும் செய்யாது, வெளியேயும் வராது.

பால் வற்றிய பசுவையும் உழைப்பு ஓய்ந்த காளையையும் வெளியே அனுப்பாமல் கடைசிவரை வைத்துக் காப்பது இந்தச் சம்பிரதாயத்தின் உயிர்நாடி. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். கறக்கிற மாடு கறக்காத மாட்டுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கவேண்டும், கன்று குடித்து மிஞ்சியதில்தான் கறவையே. பாலை மட்டும் நம்பினால் எந்தக் கோசாலையும் கட்டுப்படியாகாது. கைகொடுப்பது சாணி.

நாட்டு மாடு ஒன்று நாளைக்குப் பத்து கிலோ போல சாணி போடும். 25 கிலோ சாணிக்குச் சம அளவு தண்ணீர் கரைத்துச் சாண எரிவாயுக் கலனில் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் எரிவாயு. அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சமையல் காஸுக்கு ஈடு. வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடுகட்ட 800 கிலோ சாணி வேண்டும்! நூறு மாடு நிற்கும் கொட்டிலுக்கு நாளைக்குச் சிலிண்டர் ஒன்றும் கொஞ்சமும். கலனில் கரைசல் 40 நாள் போல இருந்து நொதிக்கவேண்டும். தண்ணீர் அதிகமானால் நொதிக்கும் முன்பே வெளியே தள்ளப்படும். வைக்கோல் துணுக்கு சேர்ந்தால் மேலே ஆடை கட்டி வாயு ஏறாது. கொட்டில் கழுவிய ஃபினாயில் தண்ணீர் கலந்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் செத்து அடுப்பு அணைந்துவிடும். கலனிலிருந்து வழிந்து வரும் கழிவு வயலுக்கு எரு.

ஃபினாயில் பேச்சு வந்ததால் இன்னொன்று. இங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்வதும் மண்தான். மும்பை ஐஐடியில் உருவான மண் உயிர்நுட்ப முறை. நாளொன்றுக்குச் சுமார் 30,000 லிட்டர் கொள்ளளவு. தொட்டியில் தெளிந்த நீரைப் பதப்படுத்திய மண்படுகையின் மேல் விடுகிறார்கள். மேலே செடி, உள்ளே மண்புழுவும் நுண்ணுயிரும் கனிமத் துகளும். கீழே வடிவதைச் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். பக்கத்தில் நின்றாலும் நாற்றம் இல்லை, படுகை பார்வைக்குப் பூந்தோட்டம் போலத்தான் இருக்கும். ஆசாரம் பார்க்கும் பெரியவர்களுக்கு நெற்றி சுருங்கலாம். மண்ணைவிட நன்றாகச் சுத்தம் செய்வது எது என்று அவர்களே சொல்லிக்கொடுத்ததுதானே! ஆகவே தங்கும் அறையில் ஆசிட் ஊற்றிக் கழுவவேண்டாம், சலவைத்தூளைக் கொட்டவேண்டாம். சீயக்காய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் போதும்.

சுவர்கள் அழுத்தி எடுத்த மண்கல். ஆரோவில் பக்கம் போனவர்களுக்குப் பழகியதுதான்: சலித்த மண், மணல், நூற்றுக்கு ஐந்து பங்கு போல சிமெண்ட், லேசான ஈரம், இயந்திரத்தில் ஓர் அழுத்து. சூளை இல்லை, விறகு இல்லை. களி மிகுந்த மண்ணானால் காயும்போது வெடிக்கும். வெயிலில் அவசரமாகக் காயவைத்தாலும் வெடிக்கும். மூடிவைத்து நாலு வாரம் நீர் தெளிக்கும் பொறுமை வேண்டும். மதியம் உள்ளே உட்கார்ந்தால் அதன் குளிர்ச்சி தெரியும்.

இரவு தங்காமல் திரும்புகிறவர்கள் இழப்பது மங்கள ஆரத்தியை. விடியற்காலை நாலரை. வெளியே இருட்டு, சில்வண்டு, ஈர மண் வாசனை. சங்கு ஊதித் திரை விலகும்போது ஸ்ரீ ராதா விருந்தாவன பிஹாரி இரவு உடுப்பிலேயே நிற்கிறார்கள். அதிக நகை இல்லை, பெரிய மாலை இல்லை. ஏழு மணிக்குமேல் பட்டும் மாலையுமாகச் சேவிக்கப்போகும் அதே திருமேனி, இப்போது தூக்கத்திலிருந்து எழுந்த நம் வீட்டுப் பிள்ளை மாதிரி! திருவரங்கத்தில் விஸ்வரூபம் என்னும் அதிகாலை முதல் சேவைக்குப் பசுவும் யானையும் வந்து நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு இந்த எளிமை வேறு விதமாகத் தைக்கும். மிருதங்கம் மெல்லத் தொடங்கி ஏறும். நெய்விளக்கு கைமாறி வரும், சுடரை ஒற்றிக் கண்ணில் வைக்கும்போது உள்ளங்கையில் அந்தச் சூடு ஒரு கணம் நிற்கும். வேண்டுதல் என்ன, எதற்காக வந்தோம் என்பதெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோகும். கேட்க வந்தவர்கள் எதையும் கேட்காமலே வெளியே வருவது அங்கே சாதாரணம்.

ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுகம் கிடைக்காது. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டம், ஆரத்தியை மறைத்துத் தூக்கிய கைப்பேசிகள். விருந்தாவனத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய வனத்தில், யமுனைத் துறையில் உட்கார்ந்து ஜபம் செய்யலாம் என்றால் கல்யாண ஆல்பத்துக்குப் போஸ் கொடுக்கிறார்கள். செல்ஃபிக்காகக் கன்றை இழுத்துத் தாயிடமிருந்து பிரிக்கிறவர்களைச் சேவகர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் தடுக்கவேண்டியிருக்கிறது. செவ்வாய், புதனில் போங்கள். ஏகாதசியென்றால் பிரசாதத்தில் சோறு இருக்காது, நினைவிருக்கட்டும். மற்ற நாட்களில் கிடைத்தால் வாடா கோலம் அரிசிச் சோற்றைக் கேட்டு வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற இந்த வட்டாரத்து அரிசி. சின்ன மணி, நெய் ஊற்றினால் நாக்கில் கரையும். வெங்காயம், பூண்டு இல்லாத பருப்போடு அதைச் சாப்பிட்டவர்கள் அளவை மறந்துவிடுவார்கள்.

முடிந்தால் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கோவர்த்தன பூஜைக்கே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஏழு நாள் குன்றைக் குடையாகப் பிடித்தவனுக்குச் சோற்றாலேயே ஒரு குன்று எழுப்பி, அந்தக் குன்றே பிரசாதமாகக் கரைந்து ஊர் வயிற்றுக்குப் போகிற நாள் அது. அன்று பசுக்களுக்கும் அலங்காரம், பூஜை. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் சாமந்தியுமாக நிற்கும் கிழட்டுப் பசு ஒன்று, பல ஆண்டாகச் சொட்டுப் பால் தராதது, நம் கையிலிருக்கும் ஒரு பிடிப் புல்லை மோந்து பார்த்துவிட்டு நிதானமாக இழுக்கும். சொரசொர நாக்கு உள்ளங்கையை வழித்துக்கொண்டு போகும். கோவிந்தா, கோபாலா, தீர்க்க வந்த கடன் போக இன்னொன்றும் சேர்ந்துவிட்டதே!