தோள் ஏற்கும் துப்பாக்கி: சான் அன்டோனியோ நாட்குறிப்பு

2 மார்ச் 2024, சனிக்கிழமை

வானில் வீசப்படும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டான ஸ்கீட்டின் அமெரிக்கச் சங்கத் தலைமையிடம் இருக்கும் ஊரில் மூன்று ஆண்டுகளாக வாழ்ந்தும், அந்தத் தட்டை நோக்கி ஒருமுறைகூடச் சுட்டதில்லையே என்ற எண்ணம் இன்று தீர்ந்தது. உடன் பணிபுரியும் தோழி தான் வழக்கமாகச் செல்லும் சுடுகளத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். வாடகைக்குக் கிடைத்தது 12 கேஜ் பம்ப் துப்பாக்கி: கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் குறுகும்; பம்ப் என்றால் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றவேண்டும். தோட்டா ஒவ்வொன்றிலும் 32 கிராம் ரவை, அதாவது சிறுசிறு ஈயக் குண்டுகள். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். நான் உடைத்தவை மூன்று. நான்கு அடி பதினோரு அங்குல உயரமும் 46 கிலோ எடையும் உள்ள என்னை, ஒவ்வொரு வெடிக்கும் அத்துப்பாக்கி அரை அடி பின்னே தள்ளியது. ஆயினும் அந்த மூன்றாவது தட்டு கரும்புகையாய்ச் சிதறியபோது உண்டான மகிழ்ச்சி இரவு வரை நீங்கவில்லை.

3 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

வலத்தோளில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப் போயிருக்கிறது. தலை வாரக் கையை உயர்த்த முடியவில்லை. கணவர் பார்த்துவிட்டு, "இது உன் உடம்புக்கு ஒத்து வராதும்மா" என்றார். உடம்புக்கு ஒத்து வராதது விளையாட்டா, அந்தத் துப்பாக்கியா என்று தெரிந்துகொள்ளாமல் இதை விடுவதாக இல்லை.

9 மார்ச், சனிக்கிழமை

கடைக்காரர் மிகுந்த அன்போடுதான் பேசினார்; ஆனால் அவர் தந்த அறிவுரை தவறு என்பதை இன்றே கண்டுகொண்டேன். "சிறிய உடலுக்குச் சிறிய துப்பாக்கி" என்று சொல்லி, இரண்டரைக் கிலோ எடையுள்ள 20 கேஜ் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் காட்டினார். கையில் எடுத்தால் விளையாட்டுப் பொருள்போல் இருந்தது. நல்லவேளையாக, அதே வகைத் துப்பாக்கி ஒன்று தோழியின் வீட்டில் இருந்ததால், வாங்குமுன் சுட்டுப் பார்க்க முடிந்தது. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சென்ற வாரத்து உதை தள்ளியது என்றால், இது குத்தியது.

10 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குழலிலிருந்து முன்னோக்கிப் பாயும் ரவை, அதன் அடைப்பு, வெடிமருந்தின் வாயு ஆகியவற்றின் உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கிய அளவு) எவ்வளவோ, அவ்வளவும் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. அந்த உந்தம் மாறாதிருக்க, துப்பாக்கி இலேசாக இருந்தால் அது வேகமாகப் பின்னால் வரும். உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதமாகக் கூடும். ஆகவே ஒரே 24 கிராம் ரவையை ஒரே வேகத்தில் அனுப்பினாலும், இரண்டரைக் கிலோ துப்பாக்கி தரும் உதை, 3.6 கிலோ துப்பாக்கி தருவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேஜ் என்பதோ குழலின் அகலத்தைக் குறிக்கும் எண் மட்டுமே: குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகும் என்ற கணக்கு. உதையை அது நேரடியாகச் சொல்வதில்லை.

ரவையின் எடையைக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இன்னும் பெரிது. வேகம் மாறாமல் 32 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறங்கினால் உந்தம் முக்கால் பங்காகும். ஆற்றல் அதன் இருமடியில் குறைவதால் பாதியைச் சற்றே தாண்டி நிற்கும். ஒலிம்பிக் வீரர்களே 24 கிராம் தோட்டாவைக் கொண்டுதான் தட்டுகளை உடைக்கிறார்கள். முதல் நாள் என் கையில் 32 கிராமைக் கொடுத்ததற்குத் தேவையே இருக்கவில்லை.

16 மார்ச், சனிக்கிழமை

சுடுகளத்தின் மூத்த பயிற்சியாளர் அம்மையார், நான் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் விதத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வெற்றுத் துப்பாக்கியோடு என்னைக் கண்ணாடிமுன் நிறுத்தினார். வாடகைத் துப்பாக்கியில், விரலால் அழுத்தும் விசைக்கும், தோளில் பதியும் அடிக்கட்டையின் பின்விளிம்புக்கும் இடையே பதினான்கு அங்குலத்துக்கு மேல் இருந்தது. என் கைக்கு அது எட்டாததால், நான் என்னையறியாமல் இடுப்பைப் பின்னால் வளைத்து, முதுகைச் சாய்த்து, அடிக்கட்டையைத் தோளின் குழிவிலே வைக்காமல் புயத்தின் எலும்பின்மேல் வைத்திருந்தேன். பின்னால் சாய்ந்து நிற்பவரை எந்த உதையும் எளிதில் தள்ளிவிடும். தோளில் பொருத்திய நிலையில் பெருவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும் என்பது அவருடைய அளவுகோல். அப்படிப் பார்த்தால் எனக்குத் தேவை ஏறத்தாழ பதின்மூன்று அங்குலம்.

கடைகளில் எவரும் எனக்குச் சொல்லாத இன்னொன்றையும் அவர் சொன்னார். அடிக்கட்டையின் பின்முகம் ஆணுடலின் மார்புக்கென்றே சாய்த்து வெட்டப்பட்டிருப்பதால், பெண்களுக்கு அதன் கீழ்முனை மட்டும் முதலில் பட்டு மார்பின் மேற்புறத்தில் குத்துகிறது. முழு முகமும் ஒருசேரப் படுமாறு சாய்வை மாற்றினால், அதே உதை அகன்ற இடத்தில் பரவிவிடும். எனக்கு வலித்த இடம் அதுவே.

குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற பழைய அமெரிக்கப் பெண் ஆன்னி ஓக்லியின் உயரம் ஏறத்தாழ ஐந்து அடிதான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். "குறிதவறாத சிறுமி" என்ற பொருள்பட அமெரிக்கப் பழங்குடித் தலைவர் சிட்டிங் புல் பெயர் சூட்டிய அந்தப் பெண்ணும், தன் கைக்கு எட்டும் அடிக்கட்டையைத்தான் தேடியிருப்பார் என்று நம்புகிறேன்.

20 மார்ச், புதன்கிழமை

இன்னும் குறுகிய குழலுள்ள .410 துப்பாக்கியை வாங்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம். அதன் இரண்டரை அங்குலத் தோட்டாவில் ரவை 14 கிராம்தான். உதை சிறிது, ஆனால் தட்டைத் தொடும் ரவையும் சிறிது. அது தேர்ந்தவர்களின் கருவி. 28 கேஜ் இனிமையானது என்கிறார்கள்; தோட்டாவின் விலை எங்கள் கைக்கு அடங்காது.

23 மார்ச், சனிக்கிழமை

இன்று, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ துப்பாக்கிகளில் இரண்டு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டேன். உதையின் விசையாலேயே இயங்கும் முதல் வகை இலேசானது, சுத்தம் செய்ய எளிது. ஆனால் என் தோள் அதற்கு இணங்கவில்லை. இரண்டாம் வகையில், குழலிலுள்ள சிறு துளை வழியே வாயுவின் ஒரு பகுதி பிரிந்து உந்துதண்டைத் தள்ள, அதுவே பூட்டைத் திறந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. மொத்த உந்தம் குறைந்துவிடுவதில்லை. ஆனால் ஒரே கணத்தில் வந்து விழுவது சற்றே நீண்ட நேரத்தில் பரவி வருவதால், குத்தாக இருந்தது தள்ளலாக மாறுகிறது.

வாயுவகை 12 கேஜில் 24 கிராம் தோட்டாவைப் போட்டு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். நான்காவது வெடியில் காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கியது, ஏழாவதிலும் சிக்கியது. அந்தத் துப்பாக்கியை இயக்க அவ்வளவு இலேசான தோட்டா போதவில்லை. அதே வாயுவகையில் 20 கேஜ் எடுத்தால், 24 கிராம் என்பது அதன் இயல்பான உணவு. பல நாள் குழப்பம் அந்த ஒரு வாக்கியத்தில் தெளிந்தது.

30 மார்ச், சனிக்கிழமை

கனமான துப்பாக்கியே நல்லது என்று பத்தாம் தேதிக் கணக்கு சொன்னதில் பாதிதான் உண்மை. தோழியின் 3.6 கிலோ இரட்டைக் குழலை ஒரு சுற்று முழுதும் சுட்டேன். பதினைந்தாவது தட்டுக்குமேல் இடக்கை தளர்ந்து குழல் தாழ்ந்தது. மூன்று கிலோவை ஒட்டிய எடை, அதுவும் முனையில் தொங்காமல் இரு கைகளுக்கு நடுவே நிற்கும் எடை, எனக்குப் போதும்.

பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை இட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை, ஆனால் குழல் ஒரு சாண் கீழே இறங்கியது. உதைக்குமுன்பே நான் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடித் தோளைச் சுருக்குகிறேன். காதினுள் பஞ்சடைப்பும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணியச் சொன்னார். ஓசை பாதியானபோது அச்சமும் குறைந்ததை நானே உணர்ந்தேன்.

6 ஏப்ரல், சனிக்கிழமை

வாங்கிவிட்டேன்: பயன்படுத்திய ரெமிங்டன் 1100, 20 கேஜ், வாயுவகை. 1963-இல் அறிமுகமான இந்த மாதிரி உதை குறைந்தது என்று அன்றுமுதல் பெயர் பெற்றது. அடிக்கட்டையை வெட்டிக் குறைக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இதில், பின்னால் சென்ற பூட்டை முன்னே தள்ளும் மீள்சுருளின் குழாய் அடிக்கட்டைக்குள்ளேயே ஓடுவதால், விருப்பம்போல் வெட்ட முடியாது. இளையோருக்கான பதின்மூன்று அங்குலக் கட்டை ஒன்றைத் தேடிப் பொருத்தி, பின்முகத்தின் சாய்வைத் திருத்தி, மென்மையான ரப்பர் அட்டையையும் வைத்துத் தந்தார் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் சுடும் அங்கியின் பைகளிலிருந்த 12 கேஜ் தோட்டாக்கள் அனைத்தையும் எடுத்துத் தோழியிடம் சேர்க்கத் தனியே வைத்தேன். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் உண்டு: அது 12 கேஜ் குழலில் தவறி விழுந்தால் முன்னே நழுவிச் சிக்கிக்கொள்ளும், குழல் வெறுமையாகத் தோன்றும், பின்னால் 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும். வாரந்தோறும் தோழியோடு நிற்கும் எனக்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

13 ஏப்ரல், சனிக்கிழமை

இரண்டு சுற்றுகள், ஐம்பது தோட்டாக்கள். முதல் சுற்றில் 11, இரண்டாவதில் 14. பயிற்சியாளர் போலித் தோட்டாவை இருமுறை இட்டார். ஒருமுறை குழல் அசையவில்லை, மறுமுறை சிறிது அசைந்தது. மாலையில் கணவர் விளக்கருகே நிறுத்தித் தோளைப் பார்த்தார். இலேசான சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. நாளை சித்திரைப் புத்தாண்டு. தலை வாரி பூவைத்துக்கொள்ள இம்முறை யாருடைய உதவியும் வேண்டாம்.

தவறியவற்றில் பெரும்பாலானவை தட்டுக்குக் கீழே போனதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். அடிக்கட்டையில் கன்னம் படியும் மேட்டின் உயரம் என் முகத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை அதன்மேல் மெல்லிய அட்டை ஒன்றை ஒட்டி, பெரிய காகிதத்தில் சுட்டு, ரவை எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும்.