கையில தலையோட நிக்கிற கல் வீரர்கள்

மத்திய அமெரிக்காவுல இருக்கிற கோஸ்டா ரிகா நாட்டோட பழைய கல் சிலைங்க போட்டோவா பாத்துட்டு இருக்கேன், தூக்கம் போச்சு. கரீபியன் கடல் பக்கத்து ஈரக்காட்டுல, ஸ்பானிஷ்காரங்க வர்றதுக்கு சில நூற்றாண்டு முன்னாடி எரிமலைக் கல்லுல செதுக்கினது. அம்மணமா, காலை அகட்டி வச்சு நிக்கிறான் ஒரு வீரன், ஒரு கையில கோடாரி, இன்னொரு கையில வெட்டின மனுசத் தலை, அதோட முடியைக் கூட கோடு கோடா செதுக்கி வச்சிருக்காங்க, சில சிலையில தலையைக் கயித்துல கட்டி முதுகுல தொங்க விட்டிருக்கான், ஆனா அவன் மூஞ்சில ஒரு கோவமும் இல்ல பாருங்க, அதான் பயமே.

வெறும் வெற்றிப் பெருமைன்னு தள்ளிட முடியாது. அதே ஊர்க்காரங்க செஞ்ச கல் அம்மி மாதிரியான பலகைங்களோட விளிம்பு முழுக்க குட்டிக் குட்டித் தலையா வரிசை கட்டி இருக்கும், சோளம் அரைக்கிற சாமான்ல வெட்டின தலை! எதிரியோட தலையில இருக்கிற சக்தி மண்ணுக்கும் விளைச்சலுக்கும் போய்ச் சேரும்னு ஒரு சடங்கு நம்பிக்கை இதுக்குப் பின்னாடி இருந்திருக்கும்னு ஆய்வாளர்கள் பல பேர் சொல்றாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது.

இதுல நிறைய சிலை லாஸ் மெர்சிடெஸ்ங்கிற இடத்துல கிடைச்சது. மைனர் கீத்னு ஒரு அமெரிக்க முதலாளி, ரயில் போட வந்து வாழைத் தோட்டம் வச்சவர், கிடைச்சதை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டார் (வாழைப்பழம் போன அதே ரூட்டு போல). அதுல ஒரு பங்கு வச்சிருந்த நியூயார்க் புரூக்ளின் மியூசியம் 2011லயும் 2020லயும் சேர்த்து 2,000க்கும் மேல பொருளைத் திருப்பி அனுப்பிருச்சு. மிச்சத்தையும் அனுப்புங்கப்பா.