காராங் என்று எழுதியிருந்தார்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் ஊர்வனப் பிரிவுக்கு என்னை அனுப்பிய அன்று, என் கையில் இரண்டு பொருள்களைக் கொடுத்தார்கள். ஒன்று, முனையில் கொக்கி வைத்த நீண்ட இரும்புத் தடி. இன்னொன்று, அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகம். தேதி, தீனி, கூண்டு கழுவிய நேரம், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். குறிப்பு என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: காராங். மலாயில் அதற்குச் சீறி விழும் குணம் என்று பொருள். இங்கே நம்மவர்களும் வீட்டில் அதே சொல்லைத்தான் எடுத்துப் பேசுவோம். பக்கத்து வீட்டு நாய் காராங், கணக்கு வாத்தியார் காராங்.

கூண்டுக்குள் இருந்தது வலைப்பின்னல் மலைப்பாம்பு. ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம், 46 கிலோ. மலாய்க்காரர்கள் அதை சாவா பாத்தேக் என்பார்கள். பாத்தேக் துணியில் மெழுகு வைத்து வரைந்தது போல உடம்பெங்கும் மஞ்சளும் கறுப்பும் பழுப்பும் பின்னிக் கிடக்கும். வெயில் பட்டால் அதன்மேல் நீலம் கலந்த ஒரு மினுக்கம் ஓடும். எங்கள் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மாமியார். பெயர் வைத்தவருக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை என்பது வேறு கதை.

நீளத்தில் உலகிலேயே பெரிய பாம்பு இந்த இனம்தான். அமெரிக்காவில் ஒரு கூண்டுப் பாம்பை 2011இல் அளந்தபோது 7.67 மீட்டர் இருந்தது. 2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில், கட்டுமானம் நடந்த இடத்தில் பிடிபட்ட ஒன்றை எட்டு மீட்டர் என்று பத்திரிகைகள் எழுதின. முறையாக அளந்து பார்ப்பதற்குள், சில நாள்களிலேயே, அது செத்துப்போனது. பிடிபட்ட மலைப்பாம்பின் கதை பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் ஊர் பேசுவது அதன் நீளத்தை மட்டும்தான்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். லயத்துப் பிள்ளைகளுக்கு மலைப்பாம்பு புதிதல்ல. ரப்பர் போய்ப் பாமாயில் தரும் செம்பனை வந்தது, செம்பனைப் பழத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பாம்பு வந்தது. 1995இல் ஜொகூர் சிகாமட்டில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற இளைஞர் ஒருவரை ஏழு மீட்டர் நீளப் பாம்பு நெரித்துக் கொன்ற செய்தி வந்த பிறகு, விடியற்காலையில் விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்கள் பல நாள் கும்பலாகவே போனார்கள். அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் நானும் கூண்டின் முன்னால் நின்றேன். இதை மறைப்பதில் பயனில்லை.

முதல் வாரம் எல்லாம் நோட்டுப் புத்தகம் சொன்னபடியே நடந்தது. கதவைத் திறந்தால் சீற்றம், பஸ் பிரேக்கில் காற்று இறங்குவது போன்ற சத்தம். கொக்கியைக் கண்டால் பாய்ச்சல். கண்ணாடிக்கு அப்பால் பள்ளிப் பிள்ளைகள் தட்டினால் கண்ணாடியிலேயே முட்டுவாள். மூக்கு நுனியில் செதில் தேய்ந்து சதை தெரிந்தது. அந்தப் புண்தான் என்னை யோசிக்க வைத்தது. கோபக்காரன் தன் முகத்தை இப்படியா உடைத்துக்கொள்வான்?

ஒரு மழை நாளில் ஆள் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். தீனி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை. கூண்டு கழுவுவது திங்கட்கிழமை. காராங் என்ற சொல் ஏறக்குறைய எல்லாமே திங்களில் விழுந்திருந்தது. வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கதவு திறந்ததே இல்லை. அவளுடைய கணக்கில் கதவு திறந்தால் இரண்டில் ஒன்று: கோழி வரும், அல்லது பீச்சுக்குழாயும் கொக்கியும் வரும். எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை. சிமெண்டுத் தரை, தண்ணீர்த் தொட்டி, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. பார்க்க வருகிறவர்களுக்குப் பாம்பு தெரிய வேண்டும் என்று மறைவே வைக்காமல் கட்டியிருந்தார்கள்.

எங்களோடு ஒரு மூத்த மலாய்க்காரர் இருந்தார். பாக் சிக் என்று கூப்பிடுவோம். தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். "தம்பி, அது வாயைப் பார்க்காதே, நாக்கைப் பார்" என்றார். அந்த ஒரு வரியில் நான் கற்றது அதிகம்.

பயந்த பாம்பு சத்தம் போடும். உடம்பை ஊதிக்கொள்ளும், தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை மடித்து வைத்துக்கொள்ளும், நாக்கு வெளியே வந்தால் நீளமாக நின்று ஆடும். அப்போது பாய்வது பெரும்பாலும் விரட்டத்தான். கடித்தாலும் உடனே விட்டுவிடும். பசித்த பாம்பிடம் சத்தமே இருக்காது. தலை மெல்ல முன்னே வரும். நாக்கு சின்னச் சின்னதாக, வேகமாக, ஒரே திசையில் போய் வரும். அது கடித்தால் விடாது, சுற்றும். உதட்டு ஓரத்தில் வரிசையாக இருக்கும் குழிகளால் அதற்குச் சூடு தெரியும். இருட்டுக்குள் நீளும் மனிதக் கையும் சுடவைத்துக் கொடுக்கும் கோழியும் அந்தக் குழிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இரண்டு நிலையையும் சேர்த்துத்தான் நாங்கள் ஒரே சொல்லில் எழுதிவந்தோம். ஆளைப் பார்த்து நடுங்கியதும் காராங், சோற்றுக்குக் காத்திருந்ததும் காராங்.

மாற்றியவை பெரிய காரியங்கள் அல்ல. பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் வாசல் அறுத்து, மறைவிடமாக வைத்தேன். கண்ணாடியின் கீழ்ப் பாதியில் காகிதம் ஒட்டினேன். பாம்பு தெரியவில்லை என்று நிர்வாகத்திலிருந்து இரண்டு முறை பேச்சு வாங்கினேன். தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து, எதுவும் செய்யாமல் மூடினேன். கழுவப் போகும் நாளில் உள்ளே கை வைப்பதற்கு முன் கொக்கியின் வளைவால் அவள் உடம்பின் நடுவில் மெதுவாக இரண்டு தட்டு. தீனி நாளில் தட்டுவதில்லை. தட்டினால் தீனி இல்லை, அவ்வளவுதான் பாடம். சட்டை உரிக்கும் முன் கண் பால்போல வெளுத்துவிடும். பார்வை மங்கிய அந்த நாள்களில் அவளை விட்டுவிடுவோம், கூண்டு அழுக்காகக் கிடந்தாலும் சரி.

ஏழு மாதம் ஆனது. தட்டியதும் முன்னே வந்த தலை தயங்கி நிற்கும், பிறகு திரும்பித் தொட்டிக்குள் போய்விடும். முதல் முறை அப்படி நடந்தபோது நான் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். மூக்குப் புண்ணும் ஆறிவிட்டது.

அதோடு விட்டார்களா? "பழகிவிட்டதே, வருகிறவர்கள் தோளில் போட்டுப் படம் எடுக்கலாமே" என்று மேலே ஒருவர் கேட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. காராங் என்பது எப்படிப் பொய்யோ, பழகிவிட்டது என்பதும் அப்படியே. அவளுக்கு என்னைத் தெரியாது, அந்த இரண்டு தட்டு தெரியும். நாய் வாலாட்டுவதைப் போல இதில் பாசம் தேடுகிறவர்கள் பாம்பு வேலைக்கு வராமல் இருப்பது நல்லது. படம் எடுக்கும் யோசனை அப்போதைக்கு நின்றது.

ஆனால் அவளுக்குத் தெரிந்தது அந்தத் தட்டு மட்டும்தான் என்பதை மறந்தவன் நானே. ஒரு சனிக்கிழமை, அடுத்த கூண்டில் ஒரு சின்னப் பாம்புக்கு முயல் போட்டுவிட்டு வந்தேன். இவளுக்கு அன்று முறையில்லை, தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். கையில் முயல் வாசம். கொக்கி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு நிமிட வேலைதானே என்று எடுக்கவில்லை. கதவைத் திறந்து இடது கையை நீட்டினேன். சத்தமே இல்லை. கையில் ஏதோ கனமாக மோதியது போல இருந்தது; பார்த்தபோது முழங்கைக்குக் கீழே அவள் வாய். இரண்டாவது சுற்று தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கையை இழுக்கத்தான் உடம்பு சொல்லும். இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் சதை கிழியும், பல் உள்ளேயே ஒடியும். இருந்தும் முதல் நொடியில் நான் இழுத்துவிட்டேன். பெரிய பாம்புக் கூண்டைத் தனியாகத் திறப்பதில்லை என்ற ஒரு விதியையாவது அன்று மீறாததால், பாக் சிக் பின்னால் நின்றார். கத்தவில்லை. வால் நுனியைத் தேடிப் பிடித்து அங்கிருந்து சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தார். தலைப் பக்கத்திலிருந்து பிரிக்க முயன்றால் அது இன்னும் இறுக்கும். பிறகு கை துடைக்கும் ஸ்பிரிட்டை அவள் வாயோரம் ஊற்றினார். விட்டாள். விஷமில்லாத பாம்பு, ஆனால் கை முழுவதும் குத்துக் குத்தாக ரத்தம் வழிந்தது, ஐந்து தையல். மூன்று வாரம் கழித்துக் குளிக்கும்போது மணிக்கட்டுக்கு மேலே ஏதோ நெருடியது. நகத்தால் கீறினால், மீன்முள் போல ஒரு பல் துண்டு.

விடுப்பு முடிந்து வந்த அன்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கடிபட்ட தேதிக்கு நேராக, நான் இல்லாதபோது வேறு யாரோ பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்கள்: காராங். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: கை கழுவவில்லை. தட்டவில்லை. பிறகு கொக்கியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனேன்.