நான்கு மில்லிமீட்டர்: புது 390 டியூக்கும் நானும்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. ஓடியது 41 கி.மீ.

நேற்று சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஏழு வருடம் ஓட்டிய பழைய கே.டி.எம். 390 டியூக் மோட்டார் சைக்கிள் தம்பிக்குப் போய்விட்டது. 62,000 கிலோமீட்டர் என்னைச் சுமந்த வண்டி. அவன் அதை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, சைலன்சர் சத்தம் தெருமுனையில் தேயும்வரை வாசலிலேயே நின்றேன்.

அதே பேரில்தான் புது வண்டியும். 2013இல் முதல் 390 டியூக், 2017இல் இரண்டாவது, 2023இல் காட்டிய இது மூன்றாவது தலைமுறை. பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "பவர் எவ்வளவு கூடியிருக்கு?" 44 குதிரைத்திறன் பக்கம் இருந்தது 45க்கு வந்திருக்கிறது என்றால் முகம் வாடிவிடுகிறது. இதற்காகவா மாற்றினாய் என்கிறார்கள். வாங்கும் முன் நானும் அப்படித்தான் யோசித்தேன். அதனால்தான் இந்தக் குறிப்பு. பழையதை நன்றாகப் பழகிய ஒருவனுக்குப் புதியதில் எது எங்கே மாறியிருக்கிறது என்பதை, சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கப் போகிறேன்.

இன்று ஓட்டியது 41 கி.மீ.தான். எதையும் சொல்ல அது போதாது. ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்ததும் டேங்க் முன்பைவிட அகலமாகத் தெரிந்தது, அவ்வளவே.

பிப்ரவரி 6, வியாழன். 223 கி.மீ.

ரன்னிங் இன் காலம், புது இன்ஜினைப் பதமாகப் பழக்கும் நாட்கள். 6,500 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) மேல் போவதில்லை என்று எனக்கு நானே கோடு போட்டிருக்கிறேன். ஒரே வேகத்திலும் ஓட்டுவதில்லை. கியர் மாற்றி, ஏற்றி இறக்கித்தான்.

ராத்திரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பழைய இன்ஜின் 373 சி.சி., புதியது 399. பிஸ்டனின் விட்டம் இரண்டிலும் அதே 89 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், மட்டும் 60இலிருந்து 64 ஆகியிருக்கிறது. ஒரு தீக்குச்சியின் தடிமனைப் போல் இரண்டு மடங்கு. மொத்த விஷயமும் அந்த நான்கு மில்லிமீட்டரில் இருக்கிறது.

பழையது உச்ச பவரைக் கொடுத்தது 9,000 ஆர்.பி.எம்.மில். புதியது 8,500இலேயே கொடுத்துவிடுகிறது. பிஸ்டன் சராசரியாக என்ன வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போட்டால், பழையதில் நொடிக்கு 18 மீட்டர், புதியதில் 18.1. கிட்டத்தட்ட ஒன்றேதான்! பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய் வருகிறது, அதற்கு ஈடாகச் சுற்றின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள். டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 37இலிருந்து 39 நியூட்டன் மீட்டர் ஆகியிருக்கிறது. டார்க்கைச் சுற்றால் பெருக்குவதுதான் பவர். ஒன்று ஏற, மற்றது இறங்க, பவர் எண் பெரிதாக அசையவில்லை. ஆகவே பவரைப் பார்த்து இந்த வண்டியை எடை போட்டால் மாற்றம் கண்ணிலேயே படாது. தேட வேண்டிய இடம் நடுவில், 4,000க்கும் 7,000க்கும் இடையில்.

பிப்ரவரி 9, ஞாயிறு. 480 கி.மீ.

தங்கை ஒரு சுற்று போய்வர வேண்டும் என்றாள். அவள் உயரம் ஐந்தடி மூன்று. பழைய வண்டியில் சிக்னலில் ஒரு காலைத்தான் ஊன்ற முடியும், வண்டியைச் சாய்த்துச் சாய்த்து நிற்பாள். இதில் சீட் உயரம் 800 மி.மீ.; வேண்டுமென்றால் 820 வரை உயர்த்திக்கொள்ளலாம். இன்று இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டது. "அண்ணா, இது குட்டி வண்டி மாதிரி இருக்கே" என்றாள்.

குட்டியாக்கியது எதுவென்று குனிந்து பார்த்தேன். பின் ஷாக் அப்சார்பரை நடுவிலிருந்து எடுத்து வலப்பக்கமாகத் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அதனால் சீட்டின் அடியில் இடம் கிடைத்திருக்கிறது. சீட் தாழ்ந்திருக்கிறது, இன்ஜினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸும் பெரிதாகியிருக்கிறது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் வளைந்திருப்பதும் அந்த அமைப்பின் ஒரு பகுதி. படத்தில் பார்த்தபோது அழகுக்காக வளைத்தது என்றே நினைத்திருந்தேன். முழங்காலிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் விட்டு ஒதுங்கியிருப்பது தெரிகிறது. எனக்கு இப்படிப்பட்ட வேலைப்பாடு மிகப் பிடிக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு. 1,064 கி.மீ.

முதல் சர்வீஸ் முடிந்தது. ஆயில் மாறியாகிவிட்டது. இன்றுதான் முழுசாக முறுக்கினேன்.

எனக்கு ஒரு பரீட்சை மேடு உண்டு. வலப்பக்கம் திரும்பி, திரும்பிய கையோடு ஏறும். பழைய வண்டியில் அந்த வளைவுக்கு முன் நான்கிலிருந்து மூன்றாவது கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். இறங்காவிட்டால் 4,500இல் இன்ஜின் திணறும், செயின் துடிக்கும். ஏழு வருடத்தில் இடது கால் அதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது.

இன்று வேண்டுமென்றே கையையும் காலையும் கட்டிப்போட்டேன். நான்காவது கியரிலேயே நுழைந்தேன். 4,500. மெல்ல முறுக்க முறுக்க, வண்டி ஒரு முறைகூட உதறாமல் மேட்டைப் பிடித்து ஏறியது. துள்ளல் கிடையாது, பின்னால் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி நிதானமான இழுவை. உச்சியில் 6,000 தொட்டிருந்தேன். திரும்பிப் போய் மூன்று தடவை ஏறிப் பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பழைய வண்டி 7,000 தாண்டியதும் ஒரு வெறி பிடிக்கும். அதுவரை சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகவே கீழ்க் கியரில் வைத்து ஓட்டியிருக்கிறேன். புதியதில் அந்த எல்லைக்கோடு இல்லை. முழுக்க ஒரே சீராக ஏறுகிறது. கடிகாரத்தில் புதியதுதான் வேகம் என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பாய்ச்சலை மனசு தேடத்தான் செய்கிறது.

பிப்ரவரி 22, சனி. 1,390 கி.மீ.

இன்று முழுக்க சஸ்பென்ஷன். இந்த மாடலில் எனக்கு ரொம்பவும் பிடித்த பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய், டபிள்யூ.பி. நிறுவனத்தின் அபெக்ஸ்; 43 மி.மீ. தடிமன், 150 மி.மீ. அமுங்கும். என் பழைய வண்டியின் ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. வந்தபடி ஓட்ட வேண்டியதுதான். இதில் ஃபோர்க்கின் தலையிலேயே இரண்டு திருகு. ஒன்று கம்ப்ரெஷன், அதாவது சக்கரம் மேட்டில் ஏறும்போது ஃபோர்க் எவ்வளவு எளிதாக அமுங்க வேண்டும் என்பது. மற்றது ரீபவுண்ட், அமுங்கியது எவ்வளவு வேகமாகத் திரும்பி நீள வேண்டும் என்பது. ஒவ்வொன்றிலும் ஐந்து கிளிக். ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே திருகலாம். பின் ஷாக்கில் ரீபவுண்டும் பிரீலோடும், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவும்.

தம்பியைக் கூப்பிட்டு வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். நான் உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, பின் ஆக்சிலிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளந்தோம். பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கி ஓர் அளவு, நான் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக உட்கார்ந்து ஓர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 52 மி.மீ. என் எடைக்கு இது அதிகம். மொத்தமாக அமுங்கக்கூடிய தூரத்தில் கால்பங்கு, அதற்குச் சற்று மேல் என்று வைத்தால் 40 பக்கம் வர வேண்டும். கொக்கி ஸ்பேனரால் பிரீலோடை இரண்டு படி ஏற்றியதும் 43க்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

முன்பக்கத்துக்கு ஒரு சின்ன வித்தை. ஃபோர்க் குழாயைச் சுற்றி மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, அடியில் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீலின் ஓரமாகத் தள்ளிவிட்டேன். ஓட்டும்போது ஃபோர்க் அமுங்க அமுங்க அது நகர்ந்து, அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்ற இடத்தில் நின்றுகொள்ளும். எப்போதும் போகிற சாலையில், இரண்டு முறை அழுத்தமாக பிரேக் பிடித்துவிட்டு வந்து அளந்தால் 118 மி.மீ. நகர்ந்திருந்தது. மிச்சம் 32, பெரிய பள்ளத்துக்கு. எனக்கு இது சரி.

பிப்ரவரி 23, ஞாயிறு. 1,452 கி.மீ.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த படிக்குப் போனேன், தப்பும் செய்தேன். முன் ரீபவுண்டை முழுக்க மூடினேன். கெட்டியாக இருந்தால் வளைவில் நிலையாக நிற்கும் என்று எண்ணம்.

முதல் நீண்ட வளைவு நன்றாகவே போயிற்று. அடுத்ததில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். முதல் மேட்டில் ஃபோர்க் அமுங்கியது. நீளுவதற்குள் அடுத்த மேடு. அது நீளுவதற்குள் மூன்றாவது. நான்காவது மேட்டில் ஃபோர்க் அடியோடு அமுங்கிக் கிடந்தது, முன் சக்கரம் மரக்கட்டை மாதிரி தடதடவென்று குதித்தது. வண்டி வெளிப்பக்கமாக ஒரு முழம் போய்விட்டது. எதிரில் வண்டி வராதது என் அதிர்ஷ்டம். ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் தணிந்ததும் மூன்று கிளிக் திறந்தேன். அதே வளைவில் மெதுவாகத் திரும்ப வந்தேன். சக்கரம் ஒவ்வொரு மேட்டையும் தடவிக்கொண்டு போனது.

திருகைக் கொடுத்தால் கெடுத்துக்கொள்ளவும் வழி கொடுக்கிறார்கள். இனி ஒரு நேரத்தில் ஒரு கிளிக்தான், அதையும் நோட்டில் எழுதிவிட்டு. இப்போது கம்ப்ரெஷன் 3, ரீபவுண்ட் 2.

மார்ச் 1, சனி. 1,730 கி.மீ.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. முன் டிஸ்க் 320 மி.மீ., பின் 240. ஒரு விரல் போதும். சக்கரமும் டிஸ்க்கும் முன்பைவிட இலேசு. இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சாய்க்கும்போது அது உடனே தெரிகிறது, பழைய வண்டியில் தோளால் தள்ளிய இடத்தில் இப்போது பார்வையைத் திருப்பினால் போதுமாக இருக்கிறது.

பந்தயத் தடத்துக்கான ட்ராக் திரைப் பக்கம், நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோல், 5 அங்குல டி.எஃப்.டி. திரை எல்லாம் இருக்கின்றன. தெருவில் ஓட்டுகிறவனுக்கு லாஞ்ச் கன்ட்ரோலில் வேலை இல்லை, நான் தொடவில்லை. திரை நல்ல வெயிலிலும் படிக்க முடிகிறது, அது போதும்.

மார்ச் 14, வெள்ளி. 2,310 கி.மீ.

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் பத்து நிமிட மழைதான் மோசம். சாலையில் ஊறிய எண்ணெய் மேலே மிதக்கும். ரெயின் மோடுக்கு மாற்றினேன். ஆக்சிலேட்டரின் முறுக்குக்கு இன்ஜின் ஆறுதலாகப் பதில் சொல்கிறது, ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும், அதாவது பின் சக்கரம் வழுக்காமல் இன்ஜினை அடக்கும் ஏற்பாடும், முன்கூட்டியே குறுக்கே வருகிறது.

ஒரு வெள்ளைக் கோட்டின் மேல், வண்டி கொஞ்சம் சாய்ந்திருக்கையில், பின் சக்கரம் வழுக்கத் தொடங்கியது. தொடங்கியதோடு சரி. திரையில் மஞ்சள் விளக்கு ஒரு முறை மின்னியது, இழுவை சற்றே அடங்கியது, வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய நேரமும் இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். முதலில் வந்தது 1988இல், பி.எம்.டபிள்யூ. கே100இல். பிரேக் பிடிக்கும்போது அது சக்கரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் வண்டி நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாய்வை அளந்து அதற்கேற்ப பிரேக்கையும் இழுவையையும் அடக்கும் பாஷ் நிறுவனத்தின் ஏற்பாடு 2013இல் கே.டி.எம். 1190 அட்வென்சரில் வந்தது. அன்றைக்கு அது ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கான சமாச்சாரம். பத்தே வருடத்தில் ஒற்றை சிலிண்டர் 399க்கு இறங்கியிருக்கிறது. டயரில் இருக்கும் பிடிமானம் ஒரு கையளவுதான். சாய்ந்திருக்கும்போது அதில் பெரும்பகுதியைத் திரும்புவதற்கே செலவழித்துவிடுகிறோம், பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எண்ணிப் பார்த்துச் செலவழிக்க ஒரு கருவி. இந்த வண்டியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், திரையையும் குவிக்‌ஷிஃப்டரையும் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி) கொடுத்துவிட்டு இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மார்ச் 30, ஞாயிறு. 3,040 கி.மீ.

நேற்றும் இன்றுமாக 430 கி.மீ. லிட்டருக்கு 29 கொடுத்தது, டேங்க் 15 லிட்டர். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

இன்று மத்தியானம் தம்பி பழைய வண்டியோடு வந்திருந்தான். மாற்றிக்கொண்டு பரீட்சை மேட்டுக்குப் போனோம். பழைய டியூக்கில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வளைவுக்கு வந்தேன், நான்காவது கியரிலேயே விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் கால் மறந்திருக்கிறது. செயின் துடித்தது, இன்ஜின் உதறியது. சட்டென்று இரண்டு கியர் இறக்கி முறுக்கினேன். 7,000 தாண்டியது, அந்தப் பழைய வெறி அப்படியே வந்து என்னை உச்சிக்குத் தூக்கி எறிந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மேலே தம்பி முன்பே வந்து காத்திருந்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்: "அண்ணா, வளைவுல கியரே குறைக்கல. குறைக்கணும்னு தோணவே இல்ல. திரும்பிப் போறப்பவும் நானே இத ஓட்டட்டுமா?"

சாவியை அவனிடமே விட்டுவிட்டேன்.